வெந்நீர் கூடாது என்று சொன்னார்கள்

ஒரு மருத்துவர் ஐந்து நிமிடம் சொன்னதை நான் ஒரே வரியாகச் சுருக்கிச் சொன்னேன். அதனால் என் கணவரின் அண்ணனுக்கு வலது காலில் இரண்டு விரல்கள் போயின. அதற்குப் பிறகு அதைவிடக் கீழான காரியம் ஒன்றையும் செய்தேன். இரண்டையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு என்னைத் தெரியாது. காரணம் அவ்வளவுதான். இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். இரண்டு மொழியும் சரளமாக வருவதால் உறவினர் வட்டத்தில் எனக்கு ஒரு வேலை தானாகவே வந்து சேர்ந்தது. ஆதாரில் முகவரி மாற்றவேண்டுமா, ரேஷன் அட்டைக்கு எழுதவேண்டுமா, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா... "சுகந்தியக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். சுகந்திக்கும் வேலை இருக்குமே, அவளுக்கும் முதுகு வலிக்குமே என்று ஒருவர்கூட யோசித்ததில்லை. பாருங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ள உட்கார்ந்தவள் முதலில் குறைதான் சொல்கிறேன்!

என் கணவரின் அண்ணன் பெயர் தணிகாசலம். நான் மாமா என்று அழைப்பேன். குடியாத்தத்திலிருந்து இங்கே பீன்யாவில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு பிரஸ் மெஷின் ஓட்ட வந்தவர். உடன் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள் என்பதால் கன்னடம் அவருக்கு ஒட்டவே இல்லை. மனைவி வசந்தா அக்கா அங்கேயே ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலைக்குப் போனார். மகள் நித்யா அப்போது ஊரில் பாட்டி வீட்டில் தங்கி பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

மாமாவுக்குச் சர்க்கரை நோய். எட்டு வருடமாக இருந்தது.

அவரிடம் எனக்கு ஆகாத ஒரு குணம் இருந்தது. கேள்வி கேட்பார். கேட்டதையே மறுபடியும் கேட்பார். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று திங்கட்கிழமை கேட்டவர் வியாழக்கிழமையும் கேட்பார். கொய்யாக்காய் சாப்பிடலாமா, காயென்றால் சரி, பழுத்தால் என்ன, பாதி பழுத்திருந்தால்...? நான் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் அடித்துக்கொண்டிருக்கும்போது போன் வரும். "ஏம்மா சுகந்தி, ஒரே ஒரு சந்தேகம்." அந்த ஒரே ஒன்று ஒருநாளும் ஒன்றோடு நின்றதில்லை.

எரிச்சல் எப்படிச் சேரும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் பெயர் போனில் மின்னும்போது நீங்களும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வீர்கள். ஆனால் உங்கள் எரிச்சல் யாருடைய கால்விரலையும் எடுக்கவில்லை. அந்த ஒரு வித்தியாசம் இருக்கிறது.

அன்று அரைநாள் அனுமதி வாங்கிக்கொண்டு மாமாவுடன் போனேன். பெரிய அரசு மருத்துவமனை. காலை எட்டு மணிக்குச் சீட்டு எடுத்து, பதினொன்றரை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்த மூன்றரை மணி நேரமும் மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் தலைமையாசிரியை இரண்டு முறை போன் செய்துவிட்டார். கட்டணப் பட்டியலை எங்கே வைத்தாய் என்று ஒருமுறை, எப்போது வருவாய் என்று ஒருமுறை.

உள்ளே இருந்தவர் இளம் வயதுப் பெண் மருத்துவர். மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் பல இடங்களில் தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். மாமா கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தார். கடைசியில், "ஆரம்பிச்சிட்டாங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

மருத்துவரின் முகம் மாறியது. என் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தார். வெளியே அத்தனை கூட்டம் இருந்தும் அவசரப்படாமல் சொன்னார். இவருடைய பாதங்களில் உணர்ச்சி போய்விட்டது, அடிபட்டாலும் சுட்டாலும் தெரியாது. தினமும் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும், குனிய முடியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பார்க்கட்டும். குளித்ததும் விரலிடுக்குகளில் ஈரம் போகத் துடைக்கவேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது. ஷூ போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கவேண்டும். சின்னக் கொப்புளம் என்றாலும் அன்றே வரவேண்டும். பிறகு, விரலை ஆட்டி, "பிசி நீரல்லி காலு இடலேபேடி" என்றார். வெந்நீரில் காலை வைக்கவே கூடாது.

ஒவ்வொன்றும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. இன்றுகூட வரிசை மாறாமல் சொல்வேன், சற்றுமுன் உங்களிடம் சொன்னதுபோல. புரியவில்லை என்று தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

கைப்பையில் போன் மூன்றாவது முறையாக அதிர்ந்தது. மாமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவை அனைத்தையும் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் அவர் நான்கு கேள்வி கேட்பார். எந்தக் கண்ணாடி? எந்தச் செருப்பு? எவ்வளவு சூடு?

"காலை சுத்தமா வச்சுக்கணுமாம் மாமா. மாத்திரைய விடக்கூடாதாம்" என்றேன்.

"இவ்ளோ நேரம் பேசினாங்களே... அவ்ளோதானா?"

"அவ்ளோதான். டாக்டருங்க ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்வாங்க."

மருத்துவர், "எல்லா ஹேளித்ரா?" என்றார். எல்லாம் சொல்லிவிட்டீர்களா?

"ஹேளிதே மேடம்" என்றேன். சொல்லிவிட்டேன்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். நான் தலைமையாசிரியையிடம் பேசிக்கொண்டிருந்தேன். மாமா நடுவில் ஏதோ கேட்டார். சாயங்காலம் கால் மரத்துப்போகிறது, உப்புப் போட்டு வெந்நீரில் வைத்தால் அழுக்கும் போகும், இதமாகவும் இருக்கும், வைக்கலாமா என்று. காதில் விழுந்ததா என்று கேட்கிறீர்களா? விழுந்தது. போனை விலக்காமலே தலையாட்டினேன். அவருக்குப் பதில் சொன்னதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஈயை விரட்டுவதுபோல ஒரு தலையாட்டல்.

அவர் நான் சொன்னபடி நடந்தார். அதுதான் கொடுமை! காலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று வசந்தா அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா தையல் வேலை முடித்து வந்து, தினமும் சாயங்காலம் தன் கையாலேயே தண்ணீர் சுடவைத்து, கல்லுப்புப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் காலை வைத்துக்கொண்டு டிவி பார்ப்பார். நான்கு மாதம் அப்படியே போயிற்று.

ஒருநாள் தண்ணீர் அளவுக்கு மீறிச் சுட்டிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. கொப்புளம் எழுந்து உடைந்தது, அதுவும் தெரியவில்லை. காலுறையை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் வேலைக்குப் போனார். நாற்றம் வந்த பிறகுதான் அக்கா பார்த்தார். எனக்குத்தான் முதலில் போன் செய்தார். வேறு யாருக்குச் செய்வார்?

கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் அந்தக் கீழான காரியம்.

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், அதே பெண் மருத்துவர் வார்டுக்கு வந்தார். மாமா கட்டிலில், அக்கா காலடியில், நான் தலைமாட்டில். அவர் மாமாவை அடையாளம் கண்டுகொண்டார். கோபமாகவே கேட்டார். அன்றைக்கே சொன்னேனே, வெந்நீர் கூடாது என்று, ஏன் கேட்கவில்லை?

"என்ன சொல்றாங்க சுகந்தி?" என்றார் அக்கா.

அந்த ஒரு நொடி என் கையில் இருந்தது. நான்தான் சொல்லவில்லை என்று இரண்டே சொற்களில் முடித்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாழ்க்கையில் முதன்முறையாக, மருத்துவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

"அன்னைக்கே சொன்னேனே, வெந்நீர் கூடாதுன்னு, ஏன் கேக்கலன்னு கேக்கறாங்க."

மாமா என்னைப் பார்த்தார். "சொன்னாங்களாம்மா?"

"சொன்னாங்க மாமா. நான்கூட உங்ககிட்ட சொன்னேனே. நீங்க மறந்துட்டீங்க."

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நான் உடைந்திருப்பேனோ என்னவோ. நெற்றியைச் சுருக்கி, எங்கோ தொலைத்த பொருளைத் தேடுவதுபோல யோசித்தார். "இருக்கும்... மறந்திருப்பேன்" என்றார்.

அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. தண்ணீர் சுடவைத்த கை அவருடையது அல்லவா? அந்த வேதனையை இறக்கிவைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. "எங்கிட்ட வந்து சுத்தமா வச்சுக்கச் சொன்னாங்கன்னு மட்டும் சொன்னியே, மிச்சத்த எங்க வுட்டுட்டு வந்த?" என்று வார்டிலேயே மாமாவிடம் கேட்டார். அதன் பிறகு வீட்டில் தினமும் கேட்டார். வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். என் கணவரும் சொன்னார்: "அண்ணனுக்கு எது சொன்னாலும் நிக்காது. பாவம், சுகந்தி எவ்ளோதான் அலைவா?"

எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள்மேல் எரிச்சல், இவ்வளவு எளிதாக நம்புகிறார்களே என்று. மாமாமேல் எரிச்சல், ஒருமுறையாவது எதிர்த்துக் கேட்கக்கூடாதா என்று. இப்போதும் பிறர்மேல்தான் எரிந்து விழுகிறேன், கவனித்தீர்களா? என்ன பிறவி நான்...

நின்றுகொண்டு செய்யும் வேலைக்கு அவர் இனி உதவமாட்டார் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வீட்டுக்குள் மெதுவாக நடக்கிறார். போன் செய்வதை நிறுத்திவிட்டார். ஒரு கேள்வியும் இல்லை. ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறார். மாத்திரை போட்டதை எழுதுகிறார், கதவு பூட்டியதை எழுதுகிறார், பால் வாங்கியதை எழுதுகிறார். எதையாவது உறுதியாகச் சொல்லவேண்டுமென்றால் முதலில் நோட்டைப் புரட்டிப் பார்க்கிறார். தன்னையே நம்பாத மனிதராக ஆகிவிட்டார். விரலை எடுத்தது நோய் என்றாவது சொல்லலாம். இதைச் செய்தது யார்?

நித்யா இப்போது இங்கேயே கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் எனக்குப் போன் செய்தாள்.

"சித்தி, அப்பா நோட்டும் கையுமா இருக்கறதப் பாத்தா பயமா இருக்கு. ஞாபக மறதிக்குத் தனியா டாக்டர் இருக்காங்களாம். காட்டலாம்னு இருக்கோம். எனக்குக் கன்னடம் ஓரளவுதான் வரும், நீங்களும் வாங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

மல்லேஸ்வரத்தில் ஒரு கிளினிக். வயதான மருத்துவர், பொறுமைசாலி, ஆனால் தமிழ் வராது. அவர் கன்னடத்தில் கேட்க, நான் தமிழில் கேட்க, மாமா பதில் சொன்னார். இன்று என்ன கிழமை? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். மாமா நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, பரீட்சைக்கு வந்த பையனைப்போலக் கைகளை மடியில் கோத்துக்கொண்டு சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. தொழிற்சாலையில் சேர்ந்த நாளில் என்ன சட்டை போட்டிருந்தார் என்பதுவரை சொன்னார்.

மருத்துவர் பேனாவை வைத்தார். இவருடைய நினைவாற்றலில் ஒரு குறையும் இல்லை, என்னைவிட நன்றாகவே இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அக்கா நிம்மதியடையவில்லை. "அப்போ அத மட்டும் எப்படி மறந்தாரு? வெந்நீர் கூடாதுன்னு சொன்னத?"

நித்யா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தபடி சொன்னார்:

"அன்னிக்கு ஒரே கூட்டம் வசந்தா. சுகந்தி சொல்லியிருக்கும். எங்காதுலதான் விழல."

மருத்துவர் ஆர்வமாக நிமிர்ந்து, அவர் என்ன சொல்கிறார் என்று கன்னடத்தில் கேட்டார். நித்யாவுக்கு அந்தக் கேள்வியும் புரிந்தது, அந்த அளவுக்குப் பதில் சொல்லவும் தெரியும். ஆனால் அவள் என் பக்கமே கையைக் காட்டினாள்.

"சொல்லுங்க சித்தி" என்றாள்.

மாமா சொன்னதை, ஒரு சொல்லும் விடாமல், கன்னடத்தில் சொன்னேன்.