சாமி வராத பம்பை

சிவசங்கர் எனக்கு நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அறை எடுத்து, கீபோர்டைத் தட்டினால் பம்பையும் உடுக்கையும் ஒலிக்கிற சாஃப்ட்வேர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒற்றைக் குழாய் ஸ்பீக்கரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். இன்று சுற்றுவட்டாரத்தில் எந்தத் திருவிழா என்றாலும் என் மைக்செட்தான். அவன் இன்ஜினியர். பணத்துக்கு என்னிடம்தான் வந்தான்.

"ஆடி முடியறதுக்குள்ள குடுத்துடுறேன் மாமா. இல்லன்னா லேப்டாப்பை நீங்களே எடுத்துக்குங்க" என்று தை மாதத்தில் சொன்னான்.

சொல்லிவிட்டு, பம்பையின் ஒரே ஓர் அடியை ஐந்து மாதம் செதுக்கினான். அடித்த பிறகு கரகரவென்று ஓர் அதிர்வு வருமே, அது அழுக்காம். எடுக்க வேண்டுமாம். வீடு கட்டக் கொத்தனாரைக் கூப்பிட்டால், ஒரு செங்கல்லை ஐந்து மாதம் துடைத்த கதை.

கோயில் பாட்டுக் கோஷ்டியில் கீபோர்டு வாசிக்கும் அன்புச்செல்வன் அவனிடம் கேட்டது ஒன்றுதான்.

"ணா, சுதி எறக்குற பட்டனைப் பெருசா வைணா. வேர்த்த கையில சிக்க மாட்டுது."

"ஸ்கிரீன் அழகு கெட்டுடும்டா."

"நான் இன்னா பொண்ணு பாக்கவா வந்துகீறேன்?"

ஆடி மூன்றாம் வெள்ளி, பனமலைப் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் முதல் சோதனை. என் ஸ்பீக்கர், சிவசங்கரின் பம்பை. வருஷா வருஷம் சாமி வருகிற ரத்தினம்மாள் தலைமுடியை அவிழ்த்து, வேப்பிலையோடு நின்றாள். அரைமணி நேரம் நின்றாள். ஓர் அசைவு இல்லை. ஊரே அவள் முகத்தைப் பார்த்தது. கடைசியில் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"டேய், இது இன்னாடா? பம்பையா, சொம்புல தண்ணி சொட்டுதா? ஒடம்புல ஒண்ணும் ஏறலடா!"

"இதான்க்கா சுத்தமான சத்தம்."

"சுத்தத்த நீயே வெச்சிக்க. ஆத்தா வரணும்னா அதிரணும்."

"கரகரப்பைத் திருப்பிப் போடுடா" என்றேன்.

"அது தப்பு மாமா. அதை எடுக்கத்தான் அஞ்சு மாசம் ஆச்சி."

"அப்ப லேப்டாப்பை மூடிக் குடு."

அதை மார்போடு அணைத்துக்கொண்டான். ஊர் முறைத்தது; நானும் நீட்டிய கையை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல், வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருந்த, கரகரப்பு எடுக்காத தை மாதத்துப் பழைய பம்பையை லேப்டாப்பில் திறந்தான். என் ஸ்பீக்கர் உறுமியது. நான்காவது அடியில் ரத்தினம்மாளின் கையிலிருந்த வேப்பிலை பறந்தது.

மறுநாளே சுற்றுவட்டாரப் பாட்டுக் கோஷ்டிக்காரர்கள் அதை வாங்க வந்தார்கள். அப்போதும் திருந்தவில்லை அவன். "இது சரியில்லாததுண்ணே, யோசிச்சி வாங்குங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். "அதான்டா வேணும்" என்று தலைக்கு இரண்டாயிரம் கொடுத்து இருபத்திரண்டு கோஷ்டிகள் வாங்கின. பட்டனும் பெரிதானது. அந்தத் துக்கத்தில் ஒரு வேளை சாப்பிடவில்லையாம்.

ஆடி முடிய இரண்டு நாள் இருக்கையில் என் கடைக்கு வந்தான். கையை நீட்டச் சொன்னான். எண்பது ஐநூறு ரூபாய்த் தாள்கள். ஒவ்வொன்றின் மடிப்பையும் நீவி, முகம் ஒரே பக்கம் இருக்கும்படி திருப்பி, ஓரத்தோடு ஓரம் பொருத்தி என் உள்ளங்கையில் வைத்தான். முப்பதாவது தாள் கோணலாக விழுந்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். எனக்குக் கை மரத்துவிட்டது. எண்பதாவது தாள் விழும்வரை மடக்கவில்லை.