சாமி மரத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு

ஆடி மாதக் காற்று அடித்தால் இன்றைக்கும் நான் கூரையை அண்ணாந்து பார்ப்பேன். கல்யாணமாகி நான் வந்து சேர்ந்தது இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு, லயம் என்கிற வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவுக்கு. அந்த ஒற்றை அறையில் என் வீட்டுக்காரர், மாமனார், நான், பிறகு என் மகள். பின்பக்கத்து மண்திட்டின் மேல் யூகலிப்டஸ் ஜாதியில் ஒரு டர்பன்டைன் மரம், பட்டை உரிந்து வெள்ளை வெளேரென்று, எங்கள் கூரைப் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

மகள் பிறந்த வருஷம் மழை விடவே இல்லை. திட்டு சரிந்து மரத்தின் வேர் வெளியே தெரிய ஆரம்பித்தது. காற்று அடித்தால் அடிமரத்திலிருந்து ஒரு முனகல் வரும். தொட்டில் கட்டத் தோதாக இருந்த ஒரே கூரைச் சட்டம், சொல்லி வைத்ததுபோல, மரம் சாய்ந்த பக்கத்தில்தான் இருந்தது. வேலை நேரத்தில் குழந்தை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருக்கும். அப்போதுதான் எனக்கு மூச்சே வரும். மாலையில் தொட்டிலில் போட்ட பிறகு தகரக் கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

வெட்டித் தொலைக்க வேண்டியதுதானே என்று வெளியாட்கள் கேட்பார்கள். லயமும் தோட்டத்துடையது, மரமும் தோட்டத்துடையது. எங்களுடையது பயம் மட்டும்தான். ஒரு மரத்தை வெட்ட வேண்டுமென்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணியிடம் சொல்ல வேண்டும். அவர் தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் சொல்லி, அவர் துரையிடம் சொல்லி, துரையின் உத்தரவின் பேரில் மரத்தில் சுண்ணாம்புக் கோடு விழுந்தால்தான் கோடாலி வைக்கலாம். கேட்காமல் ஒரு கிளையை இறக்கியதற்காக மேல்லயத்துக் குடும்பம் ஒன்றுக்குப் பத்துச்சீட்டு கொடுத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாத அந்தக் காலத்தில் தோட்டத்தை விட்டு எங்கே போவது? சட்டி பானையோடு அவர்கள் இறங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் முறைப்படிதான் கேட்டார். கங்காணி வழியாகவே பதில் திரும்பி வந்தது. அது சாமி மரமாம். அதைத் தொடக்கூடாது என்று பழைய துரையின் உத்தரவே இருக்கிறதாம். வெட்டுவதானால் லயத்து ஆட்கள் எல்லாரும் சம்மதிக்க வேண்டுமாம்.

நான் வருவதற்கு முந்திய கதை அது. ஃபேக்டரி விறகுக்காகத் தோட்டம் மரங்களை வெட்டிக்கொண்டே வந்திருக்கிறது. லயத்துக்குக் காற்றைத் தடுத்து நின்றது இந்த ஒரு மரம்தான். ஒருநாள் விடிந்து பார்த்தால் அதன் அடியில் மஞ்சள் பூசிய கல்லும் ஒரு சூலமும். முனி கனவில் வந்து இடம் கேட்டதாக ஒருவர் சொன்னார். சாமி விஷயத்தில் கை வைத்து வேலைநிறுத்தத்தை வாங்கிக் கட்டிக்கொள்ள எந்தத் துரைக்குத்தான் ஆசை? மரம் தப்பியது. கனவு கண்டவர் வேறு யாருமில்லை, என் மாமனார்தான்.

லயத்தில் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினோம். என் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முனிக்கு யார் பதில் சொல்வது என்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. மரம் விழுந்தால் எனக்கு யார் பதில் சொல்வது?

அன்று மாலை பெருங்காற்று. ஒரு கிளை முறிந்து தொட்டிலுக்கு மேலே தகரத்தில் விழுந்தது. பிள்ளையை வாரிக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்கு ஓடினேன். மாமனார் அங்கே இஸ்தோப்புத் திண்ணையில் குந்தியிருந்தார். அதுவரை அவர் முன்னால் தலை நிமிர்ந்து பேசியதில்லை நான்.

“மாமா, இனி புள்ளய எங்க கட்டித் தூங்க வைக்கிறது? நீங்களே சொல்லுங்க.”

 அன்றிரவு அவர் சோற்றைத் தொடவில்லை.

விடிந்ததும் கிளை விழுந்ததைப் பார்க்கக் கண்டாக்கு ஐயா வந்தார். லயமே கூடி நின்றது. மாமனார் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திட்டில் ஏறினார்.

“இது முனி இல்லீங்க ஐயா. ஆத்துல கெடந்த கல்லு. நான்தான் எடுத்தாந்து வச்சேன். கனவும் பொய்யிங்க.”

 நான் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டேன். துரையை ஏமாற்றியவருக்குப் பத்துச்சீட்டு கொடுத்தால் நாங்கள் எல்லாருமே தெருவில்தான். கண்டாக்கு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ சொன்னது எங்காதுல விழல. கல்ல நீயே எடு. சாமி எடம் மாறிருச்சுன்னு தொரைகிட்ட சொல்லிக்கிறேன்.”

மாமனார் தனியாகவே கல்லைப் பெயர்த்துத் தூக்கினார். உதவிக்கு ஒருவரும் போகவில்லை. மறுநாள் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. கயிறு கட்டி இழுத்து மரத்தைத் தேயிலைப் பக்கமாகச் சாய்த்தார்கள். அந்தச் சத்தத்திலும் என் மகள் தூங்கினாள். எனக்கு அழுகை வந்தது.

பொழுது சாயும் நேரம், சாப்பிடக் கூப்பிடலாம் என்று மாமனாரைத் தேடி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் இறங்கினேன். முந்தின நாளே கல்லை ஆற்றில் போட்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அதைக் கரையில் நட்டு மஞ்சள் பூசியிருந்தார். அதன் முன்னால் குப்புற விழுந்து கிடந்தார். 

“புள்ளய ஒண்ணும் செஞ்சிறாத சாமி. சொன்னவன் நான்தான், என்னயக் கேளு.”

என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். பொய் என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்களே மாமா என்று கேட்டேன்.

“நான் வச்ச கல்லுதாம்மா. ஆனா இத்தன வருசமா கும்பிட்டுட்டேனே” என்றார்.

இருட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கல்லைப் பார்க்கப் பார்க்க, மரம் சாய்ந்து நின்றபோதுகூட வராத ஒரு பயம் எனக்கு வந்தது. பிள்ளையை அவர் மடியில் கொடுத்துவிட்டு நானும் விழுந்து கும்பிட்டேன்.