பங்கு வந்த குளிசை

வெளிநாட்டு மருந்துப் போத்தலைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர்காவற்றுறையில் அதற்குக் கிடைக்கும் மரியாதை, வருத்தம் பார்க்கும் டொக்டருக்குக்கூடக் கிடையாது. என் கணவரின் தங்கை பிரான்சிலிருந்து பொதி அனுப்புவாள். அது வந்து இறங்குவது அவரின் அக்கா வீட்டில். அந்த மச்சாள் நிலத்தில் கடதாசி விரித்து, கரையில் மீன் பங்கு போடுவதுபோல் சவர்க்காரம், சொக்லேற், போத்தலிலிருந்து கொட்டிய விற்றமின் குளிசை எல்லாவற்றையும் கூறு கூறாகப் பிரிப்பாள். நாலு வீட்டுக்கு நாலு பொட்டலம். வெறும் போத்தல் மட்டும் அவளுக்கு. அதைக் கண்ணாடி அலுமாரியில் எல்லாரும் பார்க்க அடுக்கி வைப்பாள். என்ன பெருமையோ!

என் கணவர் இடுப்பளவு கடலில் நடந்து வலை பார்ப்பவர். அந்தத் தொழிலுக்குக் கண்ணைவிடக் கால்தான் வேண்டும். சேற்றுக்குள் முள்ளால் குத்தும் திருக்கை கிடந்தால் பாதம்தான் முதலில் அறியும். போன வருடம் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றார். மச்சாள் உடனே வைத்தியராகிவிட்டாள்.

"உது நரம்புத் தளர்ச்சி. உந்தப் பி விற்றமினைப் போடட்டும். நாளுக்கு ஒண்டு காணும், கூடக் குடுத்துப் போடாதையும்."

ஒன்று! எனக்குச் சிரிப்பு வந்தது. கறிவேப்பிலை கேட்டாலும் இலையை எண்ணித் தருகிறவள் வேறு என்ன சொல்வாள்? அவளுக்குக் குளிசை முடிந்துவிடும் என்ற பயம். நான் காலை, மத்தியானம், இரவு என்று மூன்றை அவர் கையில் வைத்தேன். முடிந்ததும் போய் இன்னும் கேட்டு வாங்கினேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கு நல்ல சந்தோஷம். அடுத்தடுத்த பொதிகளிலும் அப்படித்தான்.

கால் சுகப்படவில்லை. ஒருநாள் கடலால் வந்தவர் குசினிக்குள் நடந்தார். நிலமெல்லாம் இரத்தம். சிப்பி ஓடு பாதத்தை ஆழமாகக் கிழித்திருந்தது. அவர் தேத்தண்ணீர் கேட்டுக்கொண்டு நின்றார். வெட்டியது அவருக்குத் தெரியவே இல்லை. இனிக் கடலுக்குப் போகேலாமல் போய்விடுமோ என்று பயந்துபோனேன். அந்தப் பயத்திலும் மச்சாளின் ஓசிக் குளிசையைத்தான் திட்டினேன்.

காயத்துக்கு மருந்து கட்டுவித்துக்கொண்டு, இனி விற்றமினை நானே பார்த்து வாங்குவேன் என்று அவரையும் கூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். பிஸ்கற் என்றாலும் பெட்டியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று வாசிக்காமல் வாங்காதவள் நான். கடைக்காரப் பெண் நாலைந்து பெட்டிகளை வைத்தாள். ஒன்றில் பாயும் குதிரை. இன்னொன்றில் பல்லைக் காட்டும் வெள்ளைக்காரக் குடும்பம். ஒன்றில் மருந்தைவிடச் சாயமும் இனிப்பும்தான் கூட இருந்தன. விற்கிறவனுக்கும் வெட்கமில்லை, வாங்குகிறவனுக்கும் வெட்கமில்லை.

"இவ்வளவு நாளும் எதைப் போட்டவர், அன்ரி?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

மச்சாள் பிரித்துத் தந்த பொட்டலத்தில் ஏது லேபல்? அவரைக் கதிரையில் இருத்திவிட்டு மச்சாள் வீட்டுக்கு நடந்தேன். அலுமாரியைத் திறந்து, அவளுடைய சோடனைப் போத்தல்களில் ஒன்றைக் கேட்காமலே எடுத்து வந்தேன்.

அந்தப் பெண் போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். பிரெஞ்சு எழுத்தானாலும் இலக்கம் எல்லாருக்கும் ஒன்றுதானே. கடைப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டு இலக்கங்களையும் விரலால் காட்டினாள்.

"பாருங்கோ அன்ரி, இதிலை பி ஆறு விற்றமின் எவ்வளவு கூட எண்டு. இதைக் கனநாளைக்கு அளவுக்கு மிஞ்சிப் போட்டாலே கால் விறைக்கும். நாளுக்கு எத்தினை போட்டவர்?"

"மூண்டு," என்றார் அவர்.

"மூண்டோ? ஐயோ! உடனை நிப்பாட்டுங்கோ. இந்தப் போத்தலையும் கொண்டுபோய் டொக்டரிட்டைக் காட்டுங்கோ. ஆர் உங்களுக்கு மூண்டு போடச் சொன்னது?"

என் கண் குதிரைப் பெட்டியில் நின்றது. மச்சாள் ஒன்று என்று சொன்னது மட்டும் காதுக்குள் கேட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட காலைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லைப் பிள்ளை. கெதியாய்ச் சுகம் வரட்டும் எண்டு நான்தான் எடுத்துப் போட்டனான்."

அந்தப் பொட்டலம் வீட்டில் எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.