நான்காவது படியில் மெழுகுவத்தி

போர்ச்சுகலில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்கு நானும் மனைவியும் போயிருந்தபோது, மருமகன் எங்களை ஓர் ஒயின் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். ஏழு தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறதாம். உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் மூன்று ஏக்கரை இரண்டு தலைமுறை காப்பாற்றுவதற்குள்ளேயே எனக்கு விழி பிதுங்கிவிட்டது. ஏழு என்றதும் பொறாமையாகத்தான் இருந்தது. மனைவிக்கு வேறு கவலை.

"சாராயம் காய்ச்சுற எடத்த சுத்திப் பாக்கவா ஏரோப்ளேன் ஏறி வந்தோம்?" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

திராட்சை அறுத்து முடித்த வாரம் அது. தோட்டக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். திராட்சை மிதித்த கறை அவர் முழங்கால்வரை ஏறியிருந்தது. கல் தொட்டிகளில் சாறு தானாகவே குமிழிட்டுக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத இடத்தில் யாரோ மெதுவாகப் பேசுகிற மாதிரி அந்தச் சத்தம் எங்கள் பின்னாலேயே வந்தது.

கடைசியாக நிலவறைக்குப் போனோம். கீழே இறங்கும் படிகளுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. அவர் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி, நீளமான கம்பியின் முனையில் செருகி, படிப்படியாகக் கீழே இறக்கினார். சாறு புளிக்கும்போது கெட்ட காற்று கீழே தங்கும், அதற்குக் கருவி வந்துவிட்டாலும் தாத்தா காலத்து வழக்கத்தை விடவில்லை என்கிறார் என்று மகள் தமிழில் சொன்னாள். அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். எங்கள் ஊரில் பழைய கிணற்றில் இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி விடுவோம். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது.

மூன்றாவது படிவரை சுடர் நேராக எரிந்தது. நான்காவது படியில் சுருங்கியது, நீலமானது, அணைந்தது. சுவரில் தொங்கிய ஒட்டடைகூட ஆடவில்லை. புகையும் மேலே வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்மேல் மிதப்பதுபோல் படுக்கையாகப் பரவி அங்கேயே நின்றது. அந்தப் புகையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

மகள் பிறந்த வருஷம் அது. எங்கள் கிணற்றில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. பால் பிடிக்கும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்ட் போய்விடும். அடைப்பு எடுக்க என் மனைவியின் தம்பி இறங்கத் தயாரானான். நான் விளக்கை இறக்கினேன். பாதிக் கிணற்றில் அது அணைந்தது.

"அணைஞ்சிடுச்சா மாமா?"

"காத்துடா. நேரமாவுது, எறங்கு."

அவன் திரும்பி ஏறவில்லை. கூடிய சனத்திடம் விளக்கு நன்றாக எரிந்தது என்று சொன்னேன். விளக்கு எரிந்தும் ஆள் போனான் என்றால் அது காத்து கருப்பு வேலைதான் என்று ஊர் முடிவு கட்டியது. என் பொய்தான் அந்தக் கிணற்றில் பேயைக் குடிவைத்தது. மனைவி அன்று முதல் அந்தப் பக்கம் போனதில்லை. கழனிக்குச் சோறு கொண்டுவந்தால்கூட ஏரிக்கரை மேலே ஏறி, சுற்றிக்கொண்டுதான் வருவாள். குழந்தைக்கு இடுப்பில் தாயத்துமேல் தாயத்தாகக் கட்டினாள். நானும் பூசாரியைக் கூட்டிவந்து கழிப்பு கழித்தேன். வெட்கம் கெட்டவன் நான்.

வெளியே இருந்து யாரோ கூப்பிட, தோட்டக்காரர் எங்களைப் பார்த்துக் கையசைத்து அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் மருமகன் போனை நீட்டியபடி கயிற்றைத் தாண்டினார்.

"ரெண்டே படிதான். ஒரு போட்டோ எடுத்துக்கினு வந்துடறேன்."

"மெழுகுவத்தி அணைஞ்சிடுச்சே," என்றாள் மகள்.

"அது காத்துல அணைஞ்சிருக்கும்."

மூன்றாவது படியில் நின்றவர், நல்ல படம் வேண்டுமென்று கீழே குனிந்தார். முகம் அந்தப் புகைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. நான் எப்படிக் கயிற்றைத் தாண்டினேன் என்று தெரியவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் துணி கிழிந்தது, போன் படிகளில் உருண்டு இருட்டுக்குள் போனது.

"காத்து இல்ல மாப்ள! அன்னிக்கும் காத்துன்னுதான் சொன்னேன். வெளக்கு அணைஞ்சத என் கண்ணால பாத்தேன். பாத்துட்டுத்தான் அவன எறக்கி வுட்டேன்!"

மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல், கீழே கிடந்த புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் தோட்டக்காரர் எங்களை நீளமான மேஜையில் உட்காரவைத்து ஆளுக்கொரு கிளாஸில் ஊற்றினார். யாரும் தொடவில்லை. மனைவி கேட்டாள்:

"அப்போ கெணத்துல ஒண்ணும் கெடையாதா?"

"இல்ல."

"இத்தினி வருசமா நான் இன்னாத்துக்கு பயந்துகினு இருந்தேன்?"

அவள் எழுந்தாள். எதிர்ப்பக்கம் மகள் அருகே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. என் முதுகுப்பக்கமாகப் போனால் நான்கே எட்டு. அவள் அந்தப் பக்கம் வரவில்லை. நீள மேஜையின் மறுகோடிவரை நடந்து, சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.