கிணற்றை இறைத்த பகல்

"மாதிரிக் கல் மாறிப் போயிருக்கும்மா, வேற எடுத்து அனுப்பு" என்று எங்கள் மேலதிகாரி என் அறிக்கையை மேசைமேல் என்னை நோக்கித் தள்ளியது இன்றும் கண்முன் நிற்கிறது. எண்பதுகளின் தொடக்கம். மல்லசமுத்திரம் பக்கத்துப் பாறைகளின் வயதைக் கண்டறிவது என் வேலை. பூமிக்கடியிலிருந்து குழம்பாக ஏறி வந்த கிரானைட்தான் தங்கத்தையும் கூடவே கொண்டுவந்தது என்பது அவர் கட்சி. அவருடைய பேரும் பதவியும் அதை வைத்து வந்தவைதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது, தங்கம் கலந்த வெள்ளைக்கல் கிரானைட்டைவிட மூத்தது என்று வந்தது. தாயைவிடப் பிள்ளை மூத்ததாக இருக்க முடியுமா? நானே உடைத்து நானே பையில் கட்டிய கல், மாறியிருக்க வழியே இல்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது.

சாட்சி ஒரு கிணற்றுக்குள் இருந்தது. தோட்டத்துக்காரர் ஒருவர் வெடி வைத்துத் தோண்டிக்கொண்டிருந்த கிணறு. அதன் சுவரில் அதே வெள்ளைக்கல் ஒரு நரம்பாகச் சாய்வாக ஓட, சிவந்த கிரானைட் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது. வெட்டுப்பட்டது முதலில் வந்தது, வெட்டியது பிறகு வந்தது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். வந்து பாருங்கள் என்று அதிகாரியிடம் கேட்டேன். இந்த வாரம் கூட்டம், அடுத்த வாரம் டூர் என்று தள்ளிப்போட்டார். மழை வந்து, தண்ணீர் ஊறி, நரம்பு மூழ்கியது. மறுநாளே ஜீப்பை எடுக்கச் சொன்னார். அந்தச் சாமர்த்தியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

கிணற்று மேட்டில் நின்று, "தண்ணிக்குள்ள இருக்கறத எப்படிம்மா நம்பறது?" என்றார். என்னைவிடத் தோட்டத்துக்காரருக்குத்தான் சுருக்கென்றது.

"ஏனுங்க, நம்ம கெணத்துல இருக்கறத இல்லீன்னு சொல்லீட்டுப் போறதுங்களா? அம்மிணி பாத்தப்ப நானும் பக்கத்துலதானுங்க நின்னேன். எறச்சு உடறனுங்க, பாத்துட்டே போங்க."

மோட்டாரைப் போட்டார். தண்ணீர் வீணாகுமே என்று அதிகாரி தடுத்துப் பார்த்தார்.

"குச்சிக்கெழங்குக் காட்டுக்குத்தானுங்க போவுது. நீங்க நெழல்ல உக்காருங்க சாமி."

சாப்பாட்டு நேரம் கடந்தும் மோட்டார் ஓடியது. அதிகாரி வேப்பமரத்தடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீரைவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சுவர் வெளியே தெரிந்ததும் படியிறங்கினார். நரம்பின் மேல் கையை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். கிரானைட் வெட்டிய இடத்தில் கை நின்றது. மேலே வந்து, தோட்டத்துக்காரர் காதில் விழாதபடி சொன்னார்: "நீ சொன்னது சரிதான். ஆனா நான் ரிடையர் ஆகற வரைக்கும் இது அறிக்கைல வேண்டாம். இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேண்டாங்க சார். என் கையெழுத்து ஒண்ணு போதும்" என்றேன், தோட்டத்துக்காரருக்கும் கேட்கும்படி.

அறிக்கையை நேராகத் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பினேன். என்னை வடக்கே தூக்கியடித்தார்கள். போனேன், அங்கேயும் பாறை இருந்தது.

சென்ற மாதம் அவருடைய நினைவுக் கூட்டம். நாலு நல்ல வார்த்தை பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். எல்லோரும் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். என் முறை வந்தது. மைக்கை ஒதுக்கிவிட்டு, மாலை போட்ட படத்தின் பக்கம் திரும்பினேன்.

"கிரானைட் தங்கத்துக்குப் பின்னாலதான் வந்துச்சுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.