ஒரு நாள் தள்ளி வந்த மௌனம்

எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடித்தால் அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே பல்லில் கூசும். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் நின்றுகொண்டு, பதினோரு வயதில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க அப்படியொரு தட்டை அடித்திருக்கிறேன். பக்கத்தில் கெதுத் அக்கா பழைய அலுமினியச் சட்டி ஒன்றைப் போட்டு மொத்திக்கொண்டிருந்தார். "பாலிக்காரிக்கு என்னமோ ஆயிடுச்சி, இந்தப் பொண்ணும் கூட சேந்துகிச்சி" என்று எதிர்வீட்டு அம்மா சொன்னது எங்களுக்கும் கேட்டது. கேட்டதும் இன்னும் பலமாக அடித்தோம்.

கெதுத் அக்கா எங்கள் மாடியில் குடியிருந்தவர். சொந்த ஊர் பாலித் தீவு. எங்களுக்குத் தூரத்து உறவான லூர்து அண்ணன் சுற்றுலாக் கப்பலில் சமையல்காரராக இருந்தபோது, அதே கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அவரை விரும்பிக் கல்யாணம் செய்து, எங்கள் மாடியில் குடிவைத்துவிட்டு மறுபடியும் கப்பலேறிவிட்டார். வருஷத்தில் ஒன்பது மாதம் அக்கா தனியாள். வைத்திக்குப்பத்து மீன்காரர்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டதால் எங்களைவிட நன்றாகவே தெருத்தமிழ் பேசுவார். கெதுத் என்றால் நான்காவது பிள்ளையாம். ஆணோ பெண்ணோ, அவர்கள் ஊரில் நான்காவதாகப் பிறந்தவர்களுக்கெல்லாம் அதே பெயர். "தெருவுல நின்னு கூப்பிட்டா பத்து பேர் திரும்பிப் பாப்பாங்களே" என்று அப்பா கிண்டல் செய்தார். அக்கா சிரிக்கவில்லை. "பாப்பாங்கதான். ஆனா எங்கம்மா கூப்பிட்டா அது என்னத்தான்னு எனக்குத் தெரியும்" என்றார்.

தினமும் காலையில் குருத்தோலையில் உள்ளங்கை அளவுக்குச் சதுரமாக ஒரு தட்டு முடைந்து, கிழக்குப் பக்கம் வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள் என்று திசை பார்த்து அடுக்கி, ஒரு ஊதுபத்தியோடு வாசற்படியில் வைப்பார். "பேய்க்குச் சோறு வைக்கிறா" என்று தெருவில் பேச்சு. எங்களுடையது வேதக்காரக் குடும்பம் என்பதால் அம்மாவுக்கும் முதலில் பிடிக்கவில்லை. ஆனால் குருத்தோலை ஞாயிறுக்கு நாங்கள் சிலுவை மடிக்கத் திணறிக்கொண்டிருந்தபோது, அக்கா வந்து அதே ஓலையில் மயிலும் விசிறியுமாகப் பின்னித் தள்ளிவிட, அன்றிலிருந்து மீந்த ஓலையெல்லாம் மாடிக்குத்தான் போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓலை கிழித்துக் கொடுப்பேன். ஜாவாவில் ராஜ்ஜியம் விழுந்தபோது முன்னோர்கள் ஏடுகளையும் சாமிகளையும் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்த கதையைச் சொல்வார். டச்சுக்காரன் துப்பாக்கியோடு வந்து நின்றபோது, அரண்மனைக்குள்ளிருந்து ராஜாவும் பெண்களும் பிள்ளைகளும் வெள்ளை உடுத்தி, நகை பூட்டி, அந்தத் துப்பாக்கிகளைப் பார்த்து நேராக நடந்து போனதைச் சொல்வார். "யாரும் திரும்பி வரல பாப்பா" என்று முடித்துவிட்டு அடுத்த ஓலையை எடுப்பார். "இங்க பிரெஞ்சுக்காரன், அங்க டச்சுக்காரன்" என்று அப்பா இரண்டு ஊர்க் கதையையும் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அந்த மார்ச் மாதம் அக்காவுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. லூர்து அண்ணன் கப்பலிலிருந்து வர இன்னும் மூன்று மாதம் இருந்தது. வந்ததும் இரண்டு பேருமாகப் போவதாகப் பேச்சு. அதுவரை சும்மா இருக்க முடியாமல், அம்மாவுக்காக மௌன நாள் அனுசரிக்கப்போவதாக அக்கா சொன்னார். அவர்களுடைய சக வருஷம் பிறக்கும் நாள் அது. "வருஷக் கணக்கு உங்க ஊர்லேந்து வந்ததுதான்" என்பார். அமாவாசை சாயங்காலம் தட்டு முட்டுகளை அடித்துத் துஷ்ட ஆவிகளைக் கிளப்பிவிட வேண்டும். மறுநாள் காலையிலிருந்து அதற்கடுத்த நாள் காலைவரை தீவு முழுக்க அடுப்பில்லை, விளக்கில்லை, வேலையில்லை, வெளியே போவதில்லை. விமானம்கூட இறங்காது, போன்கூடப் பண்ண மாட்டார்கள். மேலேயிருந்து பார்க்கிற ஆவிகள் இங்கே மனுஷர்களே இல்லை என்று நம்பிப் போய்விடுமாம்.

"அமாவாசை என்னிக்கின்னு பாரு பாப்பா" என்றார். எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். வியாழக்கிழமைத் தாளிலும் அமாவாசை என்று போட்டிருந்தது, வெள்ளிக்கிழமைத் தாளிலும் போட்டிருந்தது. வியாழன் என்று சொன்னால் மௌன நாள் வெள்ளி. நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். சனிக்கிழமை எனக்கு லீவு.

"வெள்ளிக்கிழமைக்கா" என்றேன்.

வெள்ளி சாயங்காலம் தட்டு அடித்து ஓய்ந்த பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு யாரு கேட்டாலும் மேல ஆள் இல்லன்னு சொல்லிடு. நீயும் கூப்பிடாத. கூப்பிட்டா ஆள் இருக்குன்னு அதுங்களுக்குத் தெரிஞ்சிடும்." எனக்குப் பயமாக இருந்தது. பெருமை அதைவிட அதிகமாக இருந்தது.

மறுநாள் அம்மா தையல் கடைக்கும் அப்பா டூட்டிக்கும் போன பிறகு, பத்து மணி வாக்கில் எங்கள் வீட்டுப் போன் அடித்தது. ஓர் ஆண் குரல், ஆங்கிலத்தில், கெதுத்தின் அண்ணன் என்றது. அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, தங்கையைக் கூப்பிடு என்றது. எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இத்தனை வருஷம் என்னிடமே சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. அக்கா இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மத்தியானம் மறுபடி அடித்தது. மறுபடி இல்லை என்றேன். மாடிப்படியின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன், கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டால் அக்காவை ஆவிகள் கண்டுபிடித்துவிடும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு மூன்றாவது தடவை எடுத்தபோது ஆண் குரல் இல்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு வயதான பெண் குரல், எடுத்தது மகள்தான் என்று நினைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னது: "தூத்... மாய் மாலு." நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தக் குரல் இன்னொரு முறை அதையே சொன்னது. அப்புறம் லைன் போய்விட்டது. சாயங்காலம் வந்த அம்மாவிடமும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு காலை கதவு திறந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா செருப்புகூடப் போடாமல் தெருமுனை ஐ.எஸ்.டி. பூத்துக்கு ஓடினார். திரும்பி வந்தபோது நடந்து வந்தார். அவருடைய அம்மா சனிக்கிழமை ராத்திரி போய்விட்டிருந்தார். ஊரில் மௌனம் வெள்ளிக்கிழமையோடு முடிந்து, சனிக்கிழமை அவர்கள் முதலில் கூப்பிட்டது இவரைத்தான்.

எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து, "எங்கம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். கேட்டபடியே சொன்னேன். "இன்னொரு வாட்டி சொல்லு." சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, "அவங்க மாதிரியே சொல்லு" என்றார். மெதுவாக, மூச்சு வாங்கி, சொன்னேன். தூத் என்பது கெதுத்தின் செல்லச் சுருக்கமாம், மாய் மாலு என்றால் கொஞ்சம் இங்க வா என்று அர்த்தமாம். சின்ன வயதில் தலை வாரிவிடுவதற்கு அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீ சொன்ன சொல்லக் காப்பாத்தின பாப்பா" என்று என் தலையைத் தடவினார். பிறகு எழுந்து காலண்டருக்கு முன்னால் போய் நின்றார். அதில் ஞாயிற்றுக்கிழமைத் தாள் இருந்தது. முந்தைய தாள்களை நானே கிழித்துப் போட்டிருந்தேன். "நான்தான் நாளைத் தப்பா எண்ணிட்டேன் போலருக்கு" என்றார். அப்போது பேசியிருக்கலாம். அம்மாவும் அங்கேதான் இருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வழக்கப்படி உடலை முதலில் புதைத்து வைத்து, ஊர் கூடி எரிக்கும் நாளுக்குக் காத்திருப்பார்களாம். அந்த நாளுக்குப் போய்ச் சேர்வதற்காக, லூர்து அண்ணன் வந்த பிறகு இருவரும் கிளம்பினார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் அக்கா பலமுறை என்னை மாடிக்குக் கூப்பிட்டு அந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முறையும் சொன்னேன். வேறெதையும் சொல்லவில்லை. அவர்கள் திரும்பி வரவில்லை. அங்கேயே தங்கிவிட்டதாக ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்த மாடி சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போகிறது. வாசற்படிக்கு டைல்ஸ் போட்டாயிற்று. போன் இருந்த இடத்தில் வெறும் ஸ்டாண்டு நிற்கிறது, தினசரிக் காலண்டர் வாங்குவதையும் அப்பா போனதோடு நிறுத்திவிட்டோம். பாலியில் மௌன நாள் என்றைக்கு என்று கைபேசியே சொல்லிவிடுகிறது; ஒவ்வொரு மார்ச்சிலும் பார்க்கிறேன். அந்தக் குரல் அப்படியே எனக்குள் இருக்கிறது, கேட்க வேண்டியவருக்குத்தான் கேட்காமல் போயிற்று. அக்கா இதை எந்தக் காலத்திலும் படிக்கப் போவதில்லை, அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். கெதுத் அக்கா, நீங்கள் தப்பாக எண்ணவில்லை. வியாழக்கிழமைத் தாளிலும் அமாவாசை என்று போட்டிருந்தது.