மணி அவிழ்த்த மாடுகள்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மாடுகளின் கழுத்து மணிகளை அவிழ்த்தது. அவர் கொம்பைப் பிடித்துக்கொண்டார். விடுப்பில் வந்திருந்த இயந்திரப் பொறியாளர் மகள், துருப்பிடித்த பட்டைக் கொக்கியை நெம்பினாள்.

“பூனைக்கு மணி கட்ட ஆளில்லேம்பாங்க. மாட்டுக்கு அவுக்க இன்ஜினியரே வேண்டியிருக்கு,” என்றார்.

மலைச்சரிவு அரசு நிலம். அங்கே மாடு மேய்க்க ஆண்டுதோறும் அனுமதி வாங்க வேண்டும். நடக்கவும் கூடாரமடித்துத் தங்கவும் ஊர்ப்பட்ட ஜனம் அங்கே வரும். விடியுமுன்பே மேலேறும் மாடுகளின் மணிச்சத்தத்தில் தூக்கம் கெடுவதாகக் கூடாரக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். புகார் கூடினால் அனுமதி கிடையாது என்றது அலுவலகம். மாடுகளை விட்டால் அப்பாவுக்கு வேறு பிழைப்பு இல்லை. அதனால் அவிழ்த்தார்.

சில நாளில் வேறு புகார். பாதைத் திருப்பத்தில் மாடு சத்தமில்லாமல் வந்து நிற்கிறதாம். பயந்து புதரில் விழுந்த ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தார்.

“கட்டினா தூக்கம் போகுது, அவுத்தா உசிரு போகுதுங்கிறாங்க. மாடு என்ன, இருமிக்கிட்டா வரும்?”

“ஆபீஸ்ல போய் இதையே சொல்லுங்கப்பா.”

“மாட்டுக்காரன் பேச்சு அம்பலம் ஏறுமா? நடக்கறவங்க யாராவது சொன்னாத்தான் உண்டு.”

சொல்ல ஒருத்தி கிடைத்தாள். தினமும் ஊன்றுகோலோடு நடக்க வரும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ். பாதையிலேயே அப்பாவை மறித்தாள்.

“மணியெல்லாம் எங்கேங்க? பனி இறங்கினா அந்தச் சத்தத்தை வச்சுத்தானே நான் பாதையப் பிடிப்பேன்!”

“உங்க ஆளுங்கதாம்மா அவுக்கச் சொன்னாங்க.”

“என் ஆளா? நான் என் வீட்டுலதான் தூங்கறேன். விடிஞ்சப்புறம் ஓட்டுங்க, மணி இருக்கட்டும். திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க, நானும் வந்து சொல்றேன்.”

அப்பாவிடம் கைப்பேசி இல்லை. மகளின் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தார்.

“நம்ம கட்சிக்கு ஒரு ஓட்டு விழுந்துருச்சு!” என்றார். சட்டையைத் தானே தேய்த்து மாட்டிவைத்தார்.

ஞாயிறன்று தொழுவத்தில் விழுந்தவர் எழவில்லை. மாரடைப்பு என்று மருத்துவர் எழுதினார். மகளுக்கு அந்தச் சொல்லில் பிழை தெரியவில்லை. போதவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, அவள் கைப்பேசி அடித்தது.

“ஆபீஸ் வாசல்ல நிக்கறேம்மா. அதிகாரி வெளிய போயிடுவாராம். அப்பா கிளம்பிட்டாரா?”